கேட்டு வாங்கும் தொலைக்காட்சி

ஸ்மார்ட் தொலைக்காட்சியில் படம் இடைநடுவில் நின்று, திரையில் ஒரு வட்டம் சுழல்வது யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு இப்போது பழகிய காட்சி. அதே வீட்டில், அதே வைஃபையில், விறாந்தையில் இருப்பவரின் கைத்தொலைபேசியில் யூடியூப் தடையின்றி ஓடும். வேகம் அளந்து பார்த்தால் இணைப்பில் குறை தெரியாது. அன்ரெனா காலத்தில் சமிக்ஞை குறைந்தபோது படம் புள்ளி விழுந்து மங்கியது, ஆனால் நிற்கவில்லை. இன்றைய படம் கடைசிக் கணம் வரை துலக்கமாக இருந்துவிட்டு ஒரேயடியாக நின்றுபோகிறது. கோளாறின் முகமே மாறிவிட்டது. தொலைக்காட்சிக்குப் படம் வந்துசேரும் முறை அடியோடு மாறியதே அதற்குக் காரணம். அந்த முறை விளங்கினால், எந்தப் பெட்டியை வாங்குவது, எந்தச் செயலியை எடுப்பது, எப்படிப் பொருத்துவது என்ற கேள்விகளுக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

ஒளிபரப்பும் கோரிக்கையும்

இலங்கையில் தொலைக்காட்சி 1979 இல் சுயாதீன தொலைக்காட்சியுடன் தொடங்கியது. ரூபவாஹினி 1982 இல் வந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவற்றோடு தமிழகத்தின் தூரதர்ஷனும் பார்க்கப்பட்டது. 1980களில் கொடைக்கானல் மலையில் நிறுவப்பட்ட ஒளிபரப்பியின் அலைகளைப் பிடிக்க, கூரைக்கு மேல் உயர்ந்த குழாய்களில் அன்ரெனாக்கள் மேற்கே திருப்பப்பட்டன. கொடைக்கானலுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஏறத்தாழ 285 கிலோமீற்றர். பூமியின் வளைவைக் கணக்கிட்டால் அந்த மலை உச்சியிலிருந்து நேரே வரும் அலை இவ்வளவு தூரம் எட்டக்கூடாது. கடலுக்கு மேலுள்ள காற்றடுக்குகளில் வெப்பமும் ஈரமும் மாறும்போது அலை வளைந்து தொடுவானத்துக்கு அப்பாலும் செல்கிறது. ஆகவேதான் ஒருநாள் பளிச்சென்று தெரிந்த தூரதர்ஷன் மறுநாள் வெறும் இரைச்சலாக இருந்தது.

ஒளிபரப்பில் கோபுரம் ஒரே அலையை எல்லாத் திசைக்கும் அனுப்புகிறது. பத்து வீடு பார்த்தாலும் பத்தாயிரம் வீடு பார்த்தாலும் அதற்கு ஒன்றுதான். பெட்டி எதையும் திருப்பிச் சொல்வதில்லை. ஸ்ட்ரீமிங் எனப்படும் ஊடக ஓடையில் நிலைமை வேறு. ஒவ்வொரு பெட்டியும் தனக்கு வேண்டிய படத்தை ஒரு வழங்கிக் கணினியிடம் துண்டு துண்டாகக் கேட்கிறது. ஒவ்வொரு துண்டும் தனித்தனியே அனுப்பப்படுகிறது. கேட்ட துண்டு நேரத்துக்கு வராவிட்டால் காட்டுவதற்கு எதுவும் இல்லை. சுழலும் வட்டம் அந்தக் காத்திருப்பின் அடையாளம்.

படம் எப்படிச் சிறிதாகிறது

முழு எச்டி படமொன்றில் ஒரு சட்டகத்தில் 1920 × 1080, அதாவது ஏறத்தாழ 20.7 இலட்சம் புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 3 பைட் வேண்டும். செக்கனுக்கு 25 சட்டகம் என்றால் செக்கனுக்கு 155 மெகாபைட். இரண்டரை மணித்தியாலத் தமிழ்ப் படம் ஒன்று ஏறத்தாழ 1,400 ஜிகாபைட் ஆகிவிடும். எந்த வீட்டு இணைப்பும் இதைத் தாங்காது. ஆனால் முழு எச்டிக்குச் செக்கனுக்கு 5 மெகாபிட் போதுமென்று நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறது. அது மூல அளவில் ஏறத்தாழ 250 இல் ஒரு பங்கு. மீதியைத் தரவுச் சுருக்கம் நீக்கிவிடுகிறது.

சுருக்கத்தின் அடிப்படைக் கணித முறையை பெங்களூரில் 1940 இல் பிறந்த நாசிர் அகமது வகுத்தார். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், 1972 இல் இதற்காக அரச ஆய்வு நிதி கேட்டபோது, யோசனை மிக எளிமையானது என்று மறுக்கப்பட்டது. மாணவர் நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் அதைத் தொடர்ந்து 1974 ஜனவரியில் வெளியிட்டார். படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தையும் அகன்ற அலை, நெருங்கிய அலை என ஒளிச்செறிவு ஏறியிறங்கும் பல வகை அலைகளின் கூட்டாக எழுதுவதே முறை. மிக நெருங்கிய, மெல்லிய அலைகளை மனிதக் கண் அரிதாகவே உணர்கிறது என்பது ஊகத்தில் சொல்லப்பட்டதன்று. கேம்பிரிட்ஜில் காம்ப்பெல்லும் ராப்சனும் 1968 இல் வெளியிட்ட சோதனைகளில், கோடுகள் எவ்வளவு நெருங்கினால், எவ்வளவு மங்கினால் பார்வையாளருக்குத் தெரியாமல் போகிறது என்று அளந்தே காட்டப்பட்டது. கண்ணுக்கு எட்டாததை எறிந்துவிட்டால் சதுரத்தின் எடை பெருமளவு குறைகிறது.

இரண்டாவது சிக்கனம் சட்டகங்களுக்கு இடையில் கிடைக்கிறது. செய்தி வாசிப்பவரின் பின்புறம் செக்கனுக்கு 25 தடவை மாறுவதில்லை. மாறிய உதடும் கண்ணும் மட்டும் அனுப்பப்படும். மற்றவை முந்திய சட்டகத்திலிருந்து எடுக்கப்படும். நல்லூர்த் தேர்த்திருவிழாவின் நேரடி ஒளிபரப்பில் இந்தச் சிக்கனம் பலிக்காது. ஆயிரக்கணக்கான தலைகள், வடம் பிடிக்கும் கைகள், தேரின் சீலைகள் எல்லாம் ஒரேநேரத்தில் அசைகின்றன. அதே வேகத்தில் செய்தி துலக்கமாகவும் தேர் சதுரம் சதுரமாக உடைந்தும் தெரிவதற்குக் காரணம் இதுதான். இணைப்பில் கோளாறு இல்லாமலும் இது நேரும்.

சுருக்கிய படத்தை மீண்டும் விரிக்கும் சில்லுக்குக் குறிநீக்கி என்று பெயர் சொல்லலாம். 2003 இல் வந்த எச்.264 முறையை ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளும் விரிக்கும். 2013 இல் எச்.265, 2018 இல் ஏவி1 என்பன வந்தன. புதிய முறை அதே தரத்தைக் குறைந்த தரவில் தரும். ஆனால் அதை விரிக்கத் தனிச் சில்லு வேண்டும். பிறகு மென்பொருளால் சேர்க்க முடியாது. டேட்டாவை எண்ணிச் செலவழிக்கும் வீட்டில், புதிய பெட்டியை வாங்கும்போது ஏவி1 குறிநீக்கி உண்டா என்று விசாரிப்பது பயன் தரும்.

துண்டு, படி, தேக்கம்

சுருக்கிய படம் ஒரே நீளக் கோப்பாக அனுப்பப்படுவதில்லை. சில செக்கன் நீளமுள்ள துண்டுகளாக வெட்டி வைக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் இருக்கும்: ஒன்று மங்கலானது, ஒன்று நடுத்தரம், ஒன்று முழு எச்டி, ஒன்று 4கே. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற பட்டியலைப் பெட்டி முதலில் வாங்கிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு துண்டாகக் கேட்கும். முந்திய துண்டு எவ்வளவு விரைவாக வந்தது என்பதைப் பார்த்து அடுத்ததற்குத் தரத்தைத் தீர்மானிக்கும். இணைப்பு மெதுவானால் ஒரு படி இறங்கும், விரைவானால் ஏறும். ஆப்பிள் 2009 இல் இத்தகைய முறை ஒன்றை வெளியிட்டது. 2012 இல் டாஷ் என்ற பெயரில் சர்வதேசத் தரம் வந்தது. இதைத் தகவமைப்பு ஓட்டம் எனலாம். படம் தொடங்கிய முதல் சில செக்கன் மங்கலாக இருந்து பிறகு தெளிவது, பெட்டி கீழ்ப்படியிலிருந்து ஏறிக்கொண்டிருப்பதால்.

பெட்டி தேவைக்கு முன்னதாகவே துண்டுகளை வாங்கிச் சேர்த்துவைக்கிறது. இந்தச் சேமிப்பே இடைத்தேக்கம். குடாநாட்டு வீட்டின் தண்ணீர்த் தாங்கியோடு இதை ஒப்பிடலாம். கிணற்று மோட்டர் ஓடும்போது தாங்கி நிரம்புகிறது; கரண்ட் போனாலும் குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். மோட்டர் விட்டுவிட்டு ஓடுவதைக் குசினியில் நிற்பவர் அறியமாட்டார். தாங்கி வற்றிய பிறகுதான் குழாய் நிற்கும், அதுவும் திடீரென்று. தாங்கியில் தண்ணீர் குறையக் குறைய குழாயை மெல்லத் திறப்பதுபோல, தேக்கம் குறையும்போது பெட்டி தரத்தைக் குறைக்கிறது. மிகக் கீழான தரத்துக்கும் போதிய வரத்து இல்லாவிட்டால் வட்டம் சுழல்கிறது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். படம் ஓடும்போது ரவுட்டரை நிறுத்தினால் படம் உடனே நிற்காது. நிற்கும்வரை ஓடிய நேரமே அப்போதிருந்த தேக்கத்தின் அளவு. திரைப்படத்தில் அது அதிகம். கிரிக்கெட் நேரலையில் குறைவு, ஏனெனில் இன்னும் நடக்காத பந்தைச் சேமித்துவைக்க முடியாது. நேரலை அடிக்கடி நிற்பது இதனால்தான். இருக்கும் சிறு தேக்கமும் படத்தைப் பிந்தவைப்பதால், அடுத்த வீட்டு ஆரவாரம் இங்கே விக்கெட் விழுமுன் கேட்கலாம். யூடியூப்பின் அமைப்பில் ‘ஸ்டாட்ஸ் ஃபோர் நெர்ட்ஸ்’ என்ற தெரிவை இயக்கினால், இணைப்பின் வேகம், தேக்கத்தில் உள்ள செக்கன்கள், பயன்படும் சுருக்க முறை ஆகியவை திரையின் மூலையில் ஓடும். தேக்கத்தின் எண் இறங்கிக்கொண்டே வந்து பூச்சியத்தைத் தொடும்போது வட்டம் தோன்றுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

துண்டு வரும் தூரம்

ஒரு செயலி நன்றாக ஓட இன்னொன்று திணறுவது, துண்டுகள் வெவ்வேறு இடங்களிலிருந்து வருவதால். கண்ணாடி நாரில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வீதி வழியே 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்குக் கோரிக்கை போய்த் திரும்ப, நாரில் மட்டும் 4 மில்லிசெக்கன் ஆகும். கொழும்பிலிருந்து நேர்க்கோட்டில் 8,700 கிலோமீற்றரில் உள்ள லண்டனுக்குப் போய்த் திரும்ப 87 மில்லிசெக்கனுக்குக் குறையாது. கேபிள் வளைந்து செல்வதால் உண்மையில் இன்னும் கூடும். வழங்கி முதலில் சிறிதளவு அனுப்பி, கிடைத்தது என்ற பதில் வந்த பிறகே அளவைக் கூட்டுகிறது. தூரம் கூடினால் பதில் தாமதிக்கும், வேகம் ஏறுவதும் தாமதிக்கும்.

இதனால் பெரிய நிறுவனங்கள் படங்களின் பிரதிகளை உலகெங்கும், பார்ப்பவருக்கு அருகில் வைக்கின்றன. இது உள்ளடக்க விநியோக வலை. நெட்ஃபிளிக்ஸ் 2012 இல் அறிவித்த ஓப்பன் கனெக்ட் திட்டத்தில், இணைய சேவை வழங்குநரின் வளாகத்திலேயே வைக்கும் சேமிப்புக் கணினிகளைக் கொடுக்கிறது. சிறிய செயலிகளுக்கு அவ்வளவு வசதியில்லை. அவற்றின் துண்டுகள் கடல் கடந்து வரவேண்டியிருக்கலாம். இலங்கையின் கடலடிக் கேபிள்கள் கொழும்பு, கல்கிசை, மாத்தறை என மேற்கிலும் தெற்கிலும் கரையேறுகின்றன. 2006 இல் தூத்துக்குடியிலிருந்து வந்த பாரத் லங்கா கேபிளும் கல்கிசைக்கே வந்தது. பாக்கு நீரிணையைத் தாண்டி நேரே வந்த தூரதர்ஷனைப் போலன்றி, இன்று சென்னையிலிருந்து புறப்படும் படத் துண்டு தெற்கே கரையிறங்கி, நாடு முழுவதையும் கடந்து வடக்கே வருகிறது. ஒரு செயலிக்குப் பணம் கட்டுமுன், இலவசத் தவணையில் இரவு எட்டு மணி போன்ற நெரிசல் நேரத்தில் பார்த்துச் சோதிப்பது இதனால் அவசியம்.

கடைசிப் பத்து மீற்றர்

பல வீடுகளில் நாடு கடந்து வந்த துண்டு கடைசிச் சுவரில்தான் தடுமாறுகிறது. வைஃபை பொதுவாக இரண்டு மீடிறன்களில் இயங்கும். 2.4 ஜிகாஹேர்ட்ஸ் சுவரை ஓரளவு ஊடுருவும். ஆனால் அயல் வீட்டு ரவுட்டர்கள், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதிலேயே இயங்குவதால் நெரிசல் அதிகம். 5 ஜிகாஹேர்ட்ஸ் வேகமானது. சுவரில் விரைவில் வலுவிழக்கும். கனத்த சுண்ணக்கல் சுவருள்ள பழைய வீட்டில், விறாந்தையோரம் வைத்த ரவுட்டரின் 5 ஜிகாஹேர்ட்ஸ் அலை உள்ளறைக்குப் போகுமுன் ஓய்ந்துவிடும். தொடக்கத்தில் கண்ட புதிருக்கும் விடை இதில் இருக்கிறது. கைத்தொலைபேசி ரவுட்டருக்கு அருகில் இருந்தது. சிறு திரைக்குத் தாழ்ந்த தரமே போதும். தொலைக்காட்சியோ சுவருக்கு அப்பால் இருந்துகொண்டு பெரிய தரத்தைக் கேட்டது.

எனவே வேகத்தைத் தொலைக்காட்சியிலேயே அளக்கவேண்டும். நெட்ஃபிளிக்ஸ் 2016 இல் வெளியிட்ட ஃபாஸ்ட்.காம் என்ற தளத்தைப் பெட்டியின் உலாவியில் திறக்கலாம். 720 தரத்துக்கு 3, முழு எச்டிக்கு 5, 4கேக்கு 15 மெகாபிட் என்பவை நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் அளவுகள். ரவுட்டரிலிருந்து பெட்டிக்கு வயர் இழுப்பது எல்லாவற்றிலும் உறுதியான தீர்வு. பல தொலைக்காட்சிகளின் வயர்த் துளை 100 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடும், ஆனால் 4கேக்கும் அது தாராளம்.

பெட்டியும் பூட்டும்

செயலி ஒவ்வொன்றும் ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனியாக எழுதப்படவேண்டும். சாம்சங் டைசனையும் எல்ஜி வெப்ஓஎஸ்ஸையும் பயன்படுத்துகின்றன. வேறு பல நிறுவனங்கள் கூகிளின் தளத்தை எடுத்திருக்கின்றன. கைத்தொலைபேசியில் இருக்கும் செயலி தொலைக்காட்சியின் கடையில் இல்லாமற்போவது, அந்தத் தளத்துக்கு அது எழுதப்படாததால் அல்லது இலங்கைக்குத் திறக்கப்படாததால். வீட்டாருக்கு வேண்டிய செயலிகளை முதலில் எழுதிக்கொண்டு, அவை எந்தத் தளத்தில் உள்ளன என்று பார்த்த பிறகே பெட்டியைத் தெரிவு செய்வது நல்லது. பழைய பெட்டியை என்றும் நம்பவும் முடியாது: 2010, 2011 ஆண்டுகளின் சில சாம்சங் தொலைக்காட்சிகளில் 2019 டிசம்பர் 1 முதல் நெட்ஃபிளிக்ஸ் நின்றுபோனது. திரை நன்றாக இருந்தால் முழுப் பெட்டியையும் மாற்றத் தேவையில்லை. எச்டிஎம்ஐ துளையில் செருகும் சிறு பொக்ஸ் ஒன்று போதும்.

அந்தப் பொக்ஸிலும் ஒரு பொறி உண்டு. திருட்டுப் பிரதியைத் தடுக்கப் படத் துண்டுகள் மறையாக்கம் செய்யப்பட்டு வருகின்றன. இந்த உரிமைப் பூட்டுக்குக் கூகிளின் வைட்வைன் முறை பரவலாகப் பயன்படுகிறது. பூட்டைத் திறப்பதும் படத்தை விரிப்பதும் சில்லின் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் நடந்தால் அது எல்1 நிலை. வெறும் மென்பொருளில் நடந்தால் எல்3. எல்3 பொக்ஸுக்கு நெட்ஃபிளிக்ஸ் எச்டி தருவதில்லை. மேலட்டையில் 4கே என்று அச்சிட்ட மலிவான பொக்ஸில் யூடியூப் துல்லியமாகவும் நெட்ஃபிளிக்ஸ் மங்கலாகவும் தெரிந்தால், இணைப்பைக் குறைகூறுமுன் இந்த நிலையைப் பார்க்கவேண்டும்.

நாடும் கணக்கும்

ஒரே செயலியைக் கனடாவில் திறந்தால் ஒரு பட்டியல், யாழ்ப்பாணத்தில் திறந்தால் வேறு பட்டியல். நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரி 6 அன்று ஒரேநாளில் 130 நாடுகளுக்கு விரிந்தபோது இலங்கையும் சேர்ந்தது. ஆனால் படங்களின் உரிமை பெரும்பாலும் நாடு நாடாகவே விற்கப்படுகிறது. பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதை இணைய முகவரி காட்டிக்கொடுக்கும். ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான முகவரிகளை பிரிஸ்பேனில் உள்ள ஏப்னிக் அமைப்பு பகிர்ந்தளிக்கிறது. எந்தத் தொகுதி எந்த நிறுவனத்துக்குப் போனது என்பது பொதுப்பதிவு. அதைக் கொண்டே செயலி நாட்டை அறிகிறது.

ரொறன்ரோவில் உள்ள உறவினரின் கணக்கில் ஊரில் படம் பார்ப்பதும் இணைய முகவரியால் சிக்கலானது. 2023 பெப்ரவரியில் கனடா உட்பட நான்கு நாடுகளில், கணக்கு ஒரு வீட்டுக்கே உரியது என்ற விதியை நெட்ஃபிளிக்ஸ் நடைமுறைப்படுத்தியது. இணைய முகவரி, கருவியின் அடையாளம், கணக்கின் செயற்பாடு ஆகியவற்றை வைத்து வீடு கண்டறியப்படுகிறது. இங்கேயே கணக்குத் திறப்பதுதான் நிலையான வழி.

பொருத்துதல்

பெட்டியை இணையத்தில் சேர்த்ததும் முதலில் திகதியையும் நேரத்தையும் பார்க்கவேண்டும். செயலி வழங்கியோடு பேசுமுன் அதன் மின்சான்றிதழைச் சரிபார்க்கும். சான்றிதழுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. மின்வெட்டுக்குப் பின் பெட்டியின் கடிகாரம் பழைய ஆண்டொன்றுக்குத் திரும்பியிருந்தால், சான்றிதழ் இன்னும் தொடங்கவில்லை என்று முடிவுசெய்து எல்லாச் செயலிகளும் இணைய மறுக்கும். நேரத்தைத் தானியங்கியாக விட்டால் இது தீரும்.

அடுத்து கணக்கில் நுழைதல். ரிமோட்டால் கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாக அடிப்பதைத் தவிர்க்க, பல செயலிகள் திரையில் ஒரு குறியீட்டைக் காட்டும். அதைக் கைத்தொலைபேசியில் உரிய தளத்தில் அடித்தால் தொலைக்காட்சி தானாகத் திறக்கும். இதற்கான பொதுவிதி 2019 ஆகஸ்டில் வெளியானது. தற்செயலாகச் சொற்கள் அமைந்துவிடாதபடி, ஆங்கில உயிரெழுத்துகளை விட்டு 20 மெய்யெழுத்துகளை மட்டும் பயன்படுத்த அது பரிந்துரைக்கிறது. எட்டு எழுத்துக் குறியீட்டுக்கு 2,560 கோடி வாய்ப்புகள். சிறிது நேரத்தில் காலாவதியும் ஆகிவிடுவதால் குருட்டாம்போக்கில் ஊகித்து நுழைவது கடினம். கைத்தொலைபேசி தொலைக்காட்சியோடு நேரே பேசுவதில்லை. ‘அனுமதி கிடைத்ததா’ என்று தொலைக்காட்சியே வழங்கியைக் கேட்டுக்கொண்டிருக்கும். வேறு இடைவெளி குறிக்கப்படாவிட்டால் ஐந்து செக்கனுக்கு ஒருமுறை. கடவுச்சொல் பெட்டிக்குள் வருவதே இல்லை. ஆகவே பெட்டியை விற்கும்போது கணக்கின் கருவிப் பட்டியலிலிருந்து அதை நீக்கினாலே அனுமதி இரத்தாகும்.

கடைசியாக டேட்டா. செக்கனுக்கு 5 மெகாபிட் என்பது மணித்தியாலத்துக்கு 2.25 ஜிகாபைட், இரண்டரை மணித்தியாலப் படத்துக்கு 5.6 ஜிகாபைட். 3 மெகாபிட்டுக்கு இறக்கினால் அதே படம் 3.4 ஜிகாபைட்டில் முடியும். மாதத்துக்கு இவ்வளவு என்று வரையறுத்த பக்கேஜ் உள்ள வீட்டில், தரத்தைச் செயலியின் அமைப்பில் நிலையாகக் குறைத்து, அடுத்த பகுதி தானாக ஓடுவதையும் நிறுத்தவேண்டும்.

படம் நின்றால் கோளாறைத் தேடும் வரிசையும் இந்த விளக்கத்திலிருந்தே கிடைக்கும். எல்லாச் செயலிகளும் திறக்க மறுத்தால் கடிகாரம். ஒரு செயலி மட்டும் திணறினால் அதன் வழங்கி தொலைவில் இருக்கிறது அல்லது நெரிசலில் இருக்கிறது. எல்லாம் திணறி, ரவுட்டரின் அருகில் வேகம் சரியாக இருந்தால் சுவரும் வைஃபையும். அங்கும் குறைவென்றால் வெளியிணைப்பு அல்லது தீர்ந்துபோன டேட்டா. படம் நிற்காமல் மங்கலாகவே இருந்தால் தரத்தின் அமைப்பு, குறிநீக்கி, உரிமைப் பூட்டின் நிலை.